சாத்தேக்கு நம்ம ஊரில் என்ன பேர்?

தேவகோட்டையிலிருந்து சித்தி சிங்கப்பூர் வந்திருந்தபோது, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கேலாங் சிராய் பக்கம் சாத்தே சாப்பிடக் கூட்டிப்போனேன். குச்சியில் கோத்துக் கரியில் சுட்ட கறிக்கு இங்கே அதுதான் பேர். ஆடு பத்துக் குச்சி, கோழி பத்துக் குச்சி, தொட்டுக்கொள்ளக் கடலைச் சாறு, ஓலைப் பொதிக்குள் வேகவைத்த சோறு. நான் மேசை பிடிக்கப் போனேன். சித்தி வரவில்லை. கடைக்கு முன்னாலேயே நின்றுவிட்டார். நீளமான ஒடுக்கு அடுப்பு, அதில் கரி, அதன்மேல் வரிசையாகக் குச்சிகள். கடைக்காரர் ஒரு கையால் ஓலை விசிறியை வீசிக்கொண்டே மறு கையால் குச்சிகளைக் கொத்தாக அள்ளிப் புரட்டிப் போட்டார். எலுமிச்சைப் புல்லின் தண்டை நுனியில் தட்டிப் பிரித்துத் தூரிகை மாதிரி ஆக்கி, அதால் எண்ணெய் தடவினார். கொழுப்பு கரியில் சொட்டும்போதெல்லாம் புகை எழும்பியது. நாற்பது வருஷம் அடுப்படியில் நின்ற சித்திக்கு அந்தக் கையின் வேகத்தைப் பார்த்து முடியவில்லை.

தட்டு வந்ததும் ஒரு குச்சியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “இது ஈர்க்கா, மூங்கிலா?” என்றார். மூங்கில் என்றேன். அப்புறம் கேட்டார்: “இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு தம்பி?”

என்னிடம் பதில் தயாராக இருந்தது. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து யார் வந்தாலும் சொல்லிவந்த பதில்தான். சாத்தே என்பதே நம்முடைய சொல், சதை என்பதுதான் கடல் தாண்டி வந்து சாத்தே ஆகிவிட்டது, புத்தகங்களிலேயே அப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு எப்போதும் வரும் பெருமிதம் அன்றைக்கும் வந்தது. சித்தி மென்றுகொண்டே கேட்டுவிட்டு, “அதைக் கேக்கலப்பா. அவங்க நம்ம பேரை எடுத்துக்கிட்டாங்க, சரி. நாம இதை என்னன்னு சொல்லுவோம்?” என்றார். கொஞ்சம் விட்டு, “கறியைப் போய் சதைன்னு யாரு சொல்லுவா? கடைக்குப் போனா தனிக்கறின்னுதான கேப்போம்” என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கபாப் என்று சொல்லலாம், அது நம் சொல் இல்லை. டிக்கா என்றால் அதுவும் இல்லை. சுட்ட கறி என்றால் குச்சி விட்டுப்போகிறது. சித்தி அடுத்த குச்சிக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பின் பல மாதங்கள் அதை வைத்துக்கொண்டு திரிந்தேன்.

சதை சாத்தே ஆகுமா

முதலில் என் பழைய பதிலையே சோதித்துப் பார்க்கத் தோன்றியது. மலாய் மொழிக்குள் போன தமிழ்ச் சொற்கள் நிறைய. இங்கே வாழ்கிறவர்கள் தினமும் கேட்பவை அவை. கடை அங்கே கெடாய், மாளிகை மாலிகாய், கட்டில் காத்தில், சுருட்டு செருத்து, முதல் போட்டு வியாபாரம் செய்வதில் வரும் அந்த முதல் மோடல். இவற்றை வரிசையாக எழுதிவைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு கண்ணில் படுகிறது. கட்டில், சுருட்டு இரண்டிலும் வல்லெழுத்து இரட்டித்து வருகிறது. அங்கே மலாயிலும் வல்லோசை அப்படியே நிற்கிறது. கடை, முதல் இரண்டிலும் ஒற்றை எழுத்து. நாம் அதை மெலிதாகத்தான் ஒலிக்கிறோம், மலாய்க்காரர்களும் அந்த மெல்லோசையையே வாங்கிக்கொண்டார்கள். சதையில் இருப்பதும் ஒற்றைத் தகரம்தான். முதல் போன வழியில் சதையும் போயிருந்தால் அந்த ஓசை மென்மையாகவே இருந்திருக்க வேண்டும். சாத்தேயில் அது அழுத்தமாக நிற்கிறது. அதோடு, கடையிலும் மாளிகையிலும் கடைசியில் உள்ள ஐகாரம் அங்கே போயும் ஆய் என்று பத்திரமாக இருக்கிறது. சாத்தேயில் அதையும் காணோம்.

நான் மொழியியல் படித்தவன் இல்லை. ஆனால் இதை எழுதிப் பார்த்த பிறகு, சாத்தே நம்முடையது என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சீனர்களில் சிலர் ஹொக்கியன் மொழியில் ‘மூன்று துண்டு’ என்பதுதான் சாத்தே ஆனது என்பார்கள். நான்கு துண்டு கோத்த குச்சிகளைத்தான் பல கடைகளில் பார்க்கிறோம், அதனால் அதுவும் எனக்கு ஒப்பவில்லை. ஒரு நல்ல பண்டத்தைப் பார்த்தால் அதன் பெயர் தம் வீட்டிலிருந்து போனது என்று நினைக்க எல்லோருக்கும் ஆசை இருக்கிறது. அந்த ஆசையில் தப்பில்லை. அந்த ஆசையில் நான் மற்றதையெல்லாம் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்பதுதான் என்னை உறுத்தியது.

அடுத்த தடவை போனபோது கடைக்காரரிடமே கேட்டேன். இங்கே மலாய்ப் பெரியவர்களைக் கூப்பிடுவதுபோல அவரை நான் பாக்சிக் என்றுதான் கூப்பிடுவேன். தன் தாத்தா ஜாவாவிலிருந்து வந்தவர், அவரும் சாத்தே என்றுதான் சொன்னார், அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்றார். அதற்கு மேல் அந்தச் சொல்லைத் தோண்ட அவருக்கு அவசியம் இருக்கவில்லை. குச்சியைப் பற்றித்தான் நிறையப் பேசினார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூங்கில் குச்சி கிடையாது, லிடிதான். லிடி என்றால் தென்னை ஓலையின் நடுவில் ஓடுகிற ஈர்க்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஓலையைக் கிழித்து ஈர்க்கு சீவிக் கட்டுக் கட்டாகக் கட்டி வைப்பது அவருடைய வேலை. சித்தி குச்சியை எடுத்ததும் முதலில் கேட்டது ஈர்க்கா என்றுதான். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

கடலைச் சாற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வேர்க்கடலை தென் அமெரிக்கப் பயிர். ஐரோப்பியக் கப்பல்கள் 16ஆம் நூற்றாண்டில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது ஆசியாவுக்கு வந்தது. ஆக சாத்தேயோடு பிரிக்கவே முடியாது என்று நாம் நினைக்கும் அந்தச் சாறு அதற்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான். நம் ஊரில் பல இடங்களில் அதை மணிலாக்கொட்டை என்கிறார்கள். அது வந்த வழியைப் பெயரே சொல்லிவிடுகிறது. மலாயில் காச்சாங் தானா, மண்ணுக்கடலை. நாமும் நிலக்கடலை என்கிறோம். இப்படி இரண்டு மொழிக்காரர்கள் ஒரே செடியைப் பார்த்து ஒரே மாதிரி பெயர் வைத்திருப்பது, ஒருவரிடமிருந்து ஒருவர் சொல்லை வாங்குவதைவிட எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

குச்சியா, நெருப்பா

அந்த நிலக்கடலையிலிருந்துதான் வேறு ஒரு கேள்வி பிறந்தது. சொல் யாருடையது என்பதை விட்டுவிட்டு, இந்தப் பண்டத்தைப் பார்த்தவுடன் ஒவ்வொரு மொழிக்கும் முதலில் எது கண்ணில் பட்டது என்று பார்க்க ஆரம்பித்தேன். கறித் துண்டு, அதைத் துளைத்த குச்சி, கீழே நெருப்பு. கோத்துச் சுடுவதில் இருப்பது இவ்வளவுதான். பெயர் வைக்கும்போது பெரும்பாலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

துருக்கியர் குச்சியைப் பிடித்தார்கள். ஷிஷ் கெபாபில் வரும் ஷிஷ் என்றால் கம்பி. ஸ்வெட்டர் பின்னுகிற ஊசிக்கும் அதுவே பெயர். கிரிமியாவின் தாத்தார் இன மக்கள் அதே சொல்லை வைத்து ‘கம்பிக்கானது’ என்று ஒரு பெயர் செய்தார்கள், அது ரஷ்யர் வாயில் ஷாஷ்லிக் ஆனது. கெபாப் என்பது இன்னொரு பக்கம். அது நெருப்பின் சொல். பழைய மெசொபொத்தேமியாவின் அக்காதிய மொழியில் எரிப்பதற்கும் கருக்குவதற்கும் இருந்த வினையோடு அதை இணைக்கிறார்கள். ஆர்மீனியரின் கொரோவாத்ஸ் வாட்டுவதற்கான வினையிலிருந்து வந்தது. ஜப்பானியரின் யாக்கித்தோரி ‘சுட்ட பறவை’, அதில் குச்சிக்கு இடமே இல்லை. சமஸ்கிருதத்தில் சூல்யம் என்றால் சூலத்தில் கோத்துச் சுட்ட இறைச்சி. ராஜஸ்தானில் இன்றும் கரியில் சுடும் ஆட்டுக்கறியை சூலா என்கிறார்கள். நம் கோயிலில் சிவன் கையில் இருக்கிற அதே சூலம்தான் அங்கே அடுப்பில் கிடக்கிறது.

சீன எழுத்தைப் பற்றி இங்குள்ள நண்பர் ஒருவர் காட்டித்தான் தெரிந்தது. சுவான் என்று ஓர் எழுத்து. மேலும் கீழுமாக இரண்டு கட்டம், இரண்டையும் நடுவில் துளைத்துக்கொண்டு ஒரே கோடு. எழுத்தே குச்சியில் கோத்த இரண்டு துண்டு மாதிரி நிற்கிறது. பெய்ஜிங் தெருக்களில் ராத்திரி அந்த ஒற்றை எழுத்தைச் சிவப்பு விளக்கில் எரியவிட்டால் போதும், ஆட்டுக்கறி சுடுகிற கடை என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கத்தில் அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் படிக்கத் தெரிகிறது. எனக்குத் தெரிந்த சீன எழுத்து அது ஒன்றுதான், ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் என்னை அதிகம் நிற்கவைத்தது கிரேக்கம். இப்போது சூவ்லாக்கி என்கிறார்கள், ‘குட்டிக் கம்பி’ என்று பொருள். பழைய கிரேக்கத்தில் கம்பிக்கு ஓபெலோஸ் என்று பெயர். நாணயம் அச்சடிப்பதற்கு முன்னால் இரும்புக் கம்பிகளே பணமாகப் புழங்கின. ஆர்கோஸ் பக்கத்தில் ஹீரா தெய்வத்தின் கோயிலில் காணிக்கையாக வைத்த ஒரு பெரிய கம்பிக் கட்டு கிடைத்து, இப்போது ஏதென்ஸில் நாணய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு நாணயம் வந்தபோது சின்னக் காசுக்கு ஓபோல் என்றே பெயர் வைத்தார்கள். ஆறு ஓபோல் சேர்ந்தால் ஒரு திராக்மா. திராக்மா என்றால் கைப்பிடி, ஆறு கம்பியை ஒரு கையில் பிடிக்கலாம் என்பது கணக்கு. 2002இல் யூரோ நோட்டுகள் வரும்வரை கிரேக்கர்கள் சம்பளம் வாங்கியதும் வாடகை கொடுத்ததும் இந்தக் கைப்பிடிக் கணக்கின் பெயரில்தான். எகிப்துக்குப் போன கிரேக்கர்கள் அங்கே வானத்தைத் தொடுகிற ஒற்றைக் கல் தூண்களைப் பார்த்து ‘குட்டிக் கம்பி’ என்று கூப்பிட்டார்கள், அதுதான் இன்றைக்கு உலகம் முழுவதும் ஓபெலிஸ்க். அடுப்படியில் கிடந்த ஒரு கம்பி இத்தனை தூரம் போயிருக்கிறது. சாந்தொரினித் தீவில் அக்ரோத்திரி என்ற ஊர் எரிமலைச் சாம்பலுக்குள் 3,500 வருஷங்களுக்கும் மேல் புதைந்து கிடந்தது. அங்கே கம்பிகளை வரிசையாக வைக்கப் பள்ளம் வெட்டிய அடுப்புத் தாங்கிகள் கிடைத்திருக்கின்றன. படத்தில் பார்த்தேன். பாக்சிக்கின் அடுப்பில் குச்சிகள் படுத்திருப்பது போலவேதான் அவற்றின்மேலும் படுத்திருந்திருக்கும்.

குச்சியையும் பார்க்காமல் நெருப்பையும் பார்க்காமல் சுழற்சியைப் பார்த்தவர்களும் உண்டு. துருக்கியில் தோனெர் என்றால் சுழல்வது. அரபியில் ஷவர்மா என்பது சுழற்றுவதற்கான துருக்கிச் சொல்லை அரபி வாய் திருப்பியது. கிரேக்கர் ஈரோஸ் என்கிறார்கள், அதுவும் சுழற்சிதான். மூன்று நாட்டுக்காரர்கள் ஒரே பொருளில் மூன்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் பரோட்டாக் கடை வாசலில் இப்போது சாயங்காலமானால் சுற்றுவது அதே கம்பிதான்.

இந்தச் சொற்களோடு மனிதர்களும் போயிருக்கிறார்கள். ஓமானியர் கம்பியில் கோத்துச் சுட்ட கறியை மிஷ்காக் என்பார்கள், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் அது மிஷ்காக்கி ஆகித் தெருவில் விற்கிறது. தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன் பக்கம் சோசாத்தி என்று ஒன்று உண்டு. டச்சுக் கம்பெனி ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் அடிமைகளாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுபோன மக்கள், கையில் வேறு எதையும் எடுத்துப்போக முடியாமல், சமைக்கத் தெரிந்ததையும் அதன் பெயரையும் மட்டும் கொண்டுபோனார்கள். சாத்தே அங்கே சோசாத்தியாக இன்னும் உயிரோடு இருக்கிறது. இதைப் படித்த அன்று, சாத்தே தமிழ் என்று நான் சொல்லிவந்தது எனக்கு மிகவும் கூச்சமாகிவிட்டது. அந்தச் சொல்லுக்காக இவ்வளவு பாடுபட்டவர்கள் அவர்கள்.

பொருநன் வாயில் சுட்டது

சரி, நம் மொழி இந்தப் பண்டத்தில் எதைப் பார்த்தது? சித்தி கேட்ட கேள்வி அங்கேயே நின்றது. நம்மிடம் இது இருந்ததே இல்லையோ, அதனால்தான் பெயர் இல்லையோ என்றுகூட நினைத்துவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி பத்துப்பாட்டை எடுத்து, சாப்பாடு வருகிற இடங்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தேன். பொருநராற்றுப்படை. முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடியது. கல்லூரியில் இதைப் பாடமாக வைத்திருந்தார்கள், ஆற்றுப்படை என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியும் இருக்கிறேன். ஆனால் 105ஆவது அடி அன்றுதான் என் கண்ணில் பட்டது.

காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை
ஊழின் ஊழின் வாய்வெய் தொற்றி

காழ் என்றால் இரும்புக் கம்பி. கம்பியில் கோத்துச் சுட்ட, கொழுப்பு மிகுந்த இறைச்சியின் கொழுத்த துண்டுகள். சூடு பொறுக்காமல் அவற்றை வாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி ஒதுக்கித் தின்றார்களாம். ராத்திரி பதினொரு மணிக்கு அந்த அடியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கம்பி, நெருப்பு, கறி மூன்றும் நான்கு சொல்லுக்குள் இருந்தன. ஒன்றைப் பிடித்து மற்றதை விடவில்லை. அதற்கு அடுத்த அடியில் சாப்பிடுகிறவனின் வாயே இருந்தது. ஊழின் ஊழின் என்று அந்தச் சொல் இரண்டு தடவை வருவதே கறி கன்னத்துக்குக் கன்னம் மாறுவது மாதிரி இருக்கிறது. பாக்சிக் கடையில் அவசரப்பட்டு முதல் குச்சியைக் கடிக்கும்போதெல்லாம் நான் செய்வது இதைத்தான்.

அந்தப் பொருநன் யார் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்த வாய்ச் சூடு இன்னும் புரியும். அவன் பாடி ஆடிப் பரிசு வாங்கிப் பிழைக்கிற கலைஞன், பரம ஏழை. ஈரும் பேனும் குடியிருக்கிற, வியர்வையில் நனைந்த, வேறு வேறு நூலால் தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட கந்தலைக் கட்டிக்கொண்டு அரசன் முன்னால் வந்து நின்றவன். கரிகாலன் அந்தக் கந்தலை மாற்றிப் பாம்பின் சட்டை போல மெல்லிய துணியைக் கொடுக்கிறான். அருகம்புல்லைத் தின்று வளர்ந்த செம்மறியின் வெந்த தொடைக்கறியைத் தின்னு தின்னு என்று வற்புறுத்துகிறான். அதற்கு அப்புறம்தான் கம்பியில் சுட்டது வருகிறது. பசித்தவனுக்கு ஆறும்வரை பொறுமை இருக்குமா? இரவும் பகலும் கறியே தின்று, கொல்லையை உழுத கொழு மழுங்குவது மாதிரி பல் மழுங்கிப் போயிற்று என்று அவனே கொஞ்சம் தள்ளிச் சொல்கிறான். 248 அடியுள்ள பாட்டில் எனக்கு மனப்பாடமாகிவிட்ட இடம் இதுதான். ஏட்டிலிருந்து எடுத்து 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தபோது இந்த அடியும் நமக்குக் கிடைத்தது. நான்தான் அதைத் திறந்து பார்க்காமல் பக்கத்து வீட்டுப் பெயரில் பங்கு கேட்டுக்கொண்டிருந்தேன்.

காழ் என்ற சொல்லைச் சும்மா விட மனம் வரவில்லை. மரத்தின் வைரத்துக்கும் காழ் என்றுதான் பெயர். கோத்த மணி வடத்துக்கும் காழ் என்று சொல்லியிருக்கிறார்கள். தொல்காப்பியம் வெளியே உறுதியுள்ளதைப் புறக்காழ் என்றும், அது புல் வகை என்றும் சொல்கிறது. உள்ளே உறுதியுள்ளது அகக்காழ், அது மரம். அந்தக் கணக்கில் மூங்கிலும் தென்னையும் புல். புல்லின் உறுப்புகளைச் சொல்லிக்கொண்டே போகிற இடத்தில் தோடு, மடல், ஓலை, பாளை என்று அடுக்கி, ஈர்க்கையும் சேர்த்துச் சொல்கிறது. பாக்சிக் சின்ன வயதில் சீவிய லிடியையும் இப்போது வாங்குகிற மூங்கில் குச்சியையும் நம் பழைய இலக்கணம் ஒரே வீட்டுக்குள் வைத்திருக்கிறது.

இவ்வளவையும் சித்தியிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். உப்புக்கண்டத்துக்குக் கறி கோத்துக்கொண்டிருந்தார். கயிற்றில் கோத்து மாடியில் கட்டிவிட்டால் மூன்று நாள் வெயிலில் காய்ந்துவிடும், காக்காய்க்குத்தான் காவல் இருக்க வேண்டும் என்றார். போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசினார் போல, நடு நடுவே கறியில் ஊசி இறங்குகிற சத்தம் எனக்குக் கேட்பது மாதிரியே இருந்தது. கரிகாலன், பொருநன், காழ், வாயில் சுட்டது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். “பாவம், எத்தனை நாள் பட்டினியோ” என்றார் பொருநனைப் பற்றி. பெயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்குத்தான் இவ்வளவும் தேடினேன் என்று நினைவுபடுத்தினேன்.

“கேட்டேன்ல, ஆமா” என்றார். “ஆமா தம்பி, அந்த ஈர்க்குக் கறிக்காரர் நல்லாருக்காரா? இங்க எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு ஈர்க்குக் கறி சுட்டுத் தாரேன்னு சொல்லி வச்சிருக்கேன். அவரு என்ன தடவுனாருன்னு கேட்டுச் சொல்லு.”